லினக்ஸா, பிஎஸ்டியா? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

உச்சிப்புளியில் கணினி பழுது பார்ப்பது என் தொழில். அந்தப் பக்கம் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை வரைக்கும் சிஸ்டங்கள் வரும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதிலிருந்து ‘இதுல லினக்ஸ் போடலாமா?’ என்று கேட்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். சிலர் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ‘பிஎஸ்டி அதைவிட உசத்தியாமே?’ என்றும் கேட்கிறார்கள். இரண்டுமே விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் இயங்குதளங்கள் (ஓஎஸ்); இலவசமாகக் கிடைப்பவை. கடையில் நின்றபடி சொல்லி முடிக்க நேரம் போதாது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அவசரத்தில் இருக்கிறேன். சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வீட்டு லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட். கடையிலோ அலுவலகத்திலோ வருஷக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓட வேண்டிய சிஸ்டத்துக்கு டெபியன். இணைய இணைப்புக்கு முன்னால் காவல் நிற்க வேண்டிய பெட்டிக்கு ஓப்பன்பிஎஸ்டி. தொலைந்தால் திரும்பக் கிடைக்காத கோப்புகளைச் சேர்த்து வைக்கும் சர்வருக்கு ஃப்ரீபிஎஸ்டி. முதல் இரண்டும் லினக்ஸ் வகைகள், அடுத்த இரண்டும் பிஎஸ்டி வகைகள். எது பெரியது என்று யோசிப்பதை விட, இந்தப் பெட்டி என்ன வேலை செய்யப் போகிறது, கெட்டால் யார் வந்து பார்ப்பார் என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டுமே யுனிக்ஸ் மாதிரி என்கிறார்கள். அப்புறம் என்ன வித்தியாசம்?

யுனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் கையில் உருவானது. அதன் மூலநிரலை (மனிதர் எழுதி வாசிக்கும் வடிவிலான நிரலை) வாங்கி, பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் திருத்தியும் கூட்டியும் வெளியிட்டதுதான் பிஎஸ்டி. அந்த வழியில் 1993-இல் நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் வந்தன. நெட்பிஎஸ்டியில் இருந்த தியோ டி ராட் 1995-இல் தனியே பிரிந்து ஓப்பன்பிஎஸ்டியைத் தொடங்கினார். லினக்ஸ் அந்த வம்சத்தில் வந்ததில்லை. 1991-இல் ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், யுனிக்ஸ் போலவே நடந்துகொள்ளும் ஒரு கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) புதிதாக எழுதினார். யுனிக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்க ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள் அதோடு சேர்ந்தன.

விசைப்படகை வைத்துச் சொன்னால் நம் பக்கத்தில் சட்டென்று விளங்கும். லினக்ஸ் என்பது என்ஜின் மட்டும். அதை எடுத்து, உடல் கட்டி, வின்ச் பூட்டி, பெயின்ட் அடித்துப் படகாக இறக்குபவர்கள் டெபியன், உபுண்டு, ஃபெடோரா குழுவினர். அதனால்தான் ஒரே லினக்ஸ் இத்தனை பெயரில் இருக்கிறது. பிஎஸ்டியில் என்ஜின், உடல், அத்தியாவசியச் சாமான்கள் எல்லாமே ஒரே பட்டறையில் தயாராகின்றன. நீங்கள் பிறகு சேர்க்கும் மென்பொருள்கள் மட்டும் தனியாக ஒரு பக்கம் இருக்கும்.

இதனால் என்ன ஆகும்? ஃப்ரீபிஎஸ்டியில் கையேட்டைத் திறந்தால், அதில் எழுதியிருப்பதும் உங்கள் திரையில் தெரிவதும் ஒத்துப்போகும். லினக்ஸில் ஒரு குறிப்பைத் தேடினால், அது உபுண்டுவுக்கா ஃபெடோராவுக்கா, எந்த வருஷத்து வெளியீட்டுக்கு என்று முதலில் பார்க்க வேண்டும். ஆனால் புதிதாக ஒரு வைஃபை கார்டோ கேமராவோ சந்தைக்கு வந்தால் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், பொதுவாக பிஎஸ்டிக்கு முன்பே லினக்ஸுக்கு வந்துவிடும்.

இரண்டு தரப்பும் ஏன் இவ்வளவு சண்டை போடுகிறார்கள்?

காரணம் இரண்டு. ஒன்று பழைய வழக்கு. பிஎஸ்டி நிரலில் தங்கள் யுனிக்ஸ் நிரல் கலந்திருக்கிறது என்று, பெல் ஆய்வகத்தை வைத்திருந்த ஏடி அண்ட் டியின் துணை நிறுவனம் 1992-இல் வழக்குப் போட்டது. 1994-இல் சமரசம் ஆகும் வரை பிஎஸ்டியைத் தொடவே பலர் தயங்கினார்கள். அந்த இடைவெளியில் லினக்ஸ் மளமளவென்று வளர்ந்துவிட்டது. இன்டெல் 386 சிப் கொண்ட கணினிக்கான பிஎஸ்டி அப்போதே கிடைத்திருந்தால் தான் லினக்ஸை எழுதியிருக்கவே மாட்டேன் என்ற கருத்தை டோர்வால்ட்ஸே சொல்லியிருக்கிறார். பிஎஸ்டிக்காரர்களுக்கு அந்த ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

மற்றொன்று உரிமம். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி, நிரலை மாற்றி மற்றவருக்குக் கொடுத்தால் மாற்றிய மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். பிஎஸ்டி உரிமத்தில் அந்தக் கட்டாயம் இல்லை; எழுதியவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் அப்படியே வைத்தால் போதும். அதனால்தான் ஆப்பிளின் மேக் ஓஎஸ்ஸிலும் சோனியின் பிளேஸ்டேஷன் 4-இலும் பிஎஸ்டி நிரல் உள்ளே இருக்கிறது. எடுத்தவர் திருப்பித் தர வேண்டும் என்பது ஒரு நியாயம், கொடுத்ததற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு நியாயம். எனக்கு முதல் நியாயம்தான் மனசுக்கு நெருக்கம். ஆனால் பயன்படுத்துகிற உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் காசு கொடுக்காமல் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

வெளியில் எவ்வளவு வாதாடினாலும் உள்ளே கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டேதான் இருக்கிறது. லினக்ஸ் சர்வர்களுக்குள் தொலைவிலிருந்து நுழைய உலகமே பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச், 1999-இல் ஓப்பன்பிஎஸ்டி குழு எழுதியது. பிஎஸ்டியில் ஓடும் இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவர்கள் லினக்ஸிலிருந்து கொண்டுபோனவை.

இலவசமாகக் கிடைப்பது தரமாக இருக்குமா?

உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் கெர்னலும் லினக்ஸ்தான். நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களை உலகமெங்கும் அனுப்பும் சர்வர்களில் ஃப்ரீபிஎஸ்டி இருக்கிறது.

நம் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், குடியரசுத் தலைவராக இருந்தபோது 2003 மே மாதம் புனேயில் பேசினார். மென்பொருள் பற்றி பில் கேட்ஸுடன் நடந்த உரையாடலில் தங்கள் கருத்துகள் வேறுபட்டதைச் சொல்லி, இந்தியா போன்ற நாடு திறந்த மூல மென்பொருளைப் பெரிய அளவில் கைக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார். நாட்டின் உயர்ந்த பதவியில் இருந்தவர் அதை வெளிப்படையாகச் சொன்னது சாதாரண விஷயமில்லை. அவர் பிறந்த மாவட்டத்தில் இந்த வேலையைச் செய்வதில் எனக்குப் பெருமைதான்.

அரசு கொடுத்த லேப்டாப் பரணில் கிடக்கிறது. அதற்கு உயிர் கொடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துத் தயாரித்தது. பல வீடுகளில் அது இருப்பதே தெரியாமல் அழித்துவிட்டார்கள்.

முதலில் பின்மூடியைத் திறந்து பாருங்கள். கடலோரத்தில் வருஷக்கணக்கில் கிடந்த லேப்டாப்பில் ராம் குச்சியின் பொன்னிற முனைகள் மங்கியிருக்கும், யுஎஸ்பி துளைக்குள் பச்சை படிந்திருக்கும், ஃபேன் திரும்பாது. முனைகளை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் பாதிக்குப் பாதி சிஸ்டங்கள் எழுந்துவிடுகின்றன. ஆரம்ப வருஷங்களில் வந்தவற்றில் 2 ஜிபி ராம்தான். அதை 4 அல்லது 8 ஆக்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள். இந்த இரண்டும் செய்யாமல் எந்த ஓஎஸ் போட்டாலும் மந்தமாகத்தான் இருக்கும்.

அதன்பின் டெபியனை எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை அமைப்போடு போடுவேன், அல்லது மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை. இந்த லேப்டாப்களில் பிஎஸ்டி போடச் சொல்லி நான் யாரையும் அனுப்புவதில்லை. போட்டால் ஓடும். ஆனால் பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பில் கேமராவும் மைக்கும் உடனே வேலை செய்ய வேண்டும். அதை முடிக்க ஒரு வாரம் கையேட்டோடு உட்காரச் சொல்வது சரியில்லை.

ரொம்பப் பழைய டெஸ்க்டாப், 32 பிட் என்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கான நிறுவி கிடையாது. ஃப்ரீபிஎஸ்டி 15-உம் கைவிட்டுவிட்டது. நெட்பிஎஸ்டியும் ஓப்பன்பிஎஸ்டியும் இன்னும் தாங்கிப் பிடிக்கின்றன. கட்டளைகள் பழக, சின்னக் கணக்குப் பார்க்க அது போதும். இன்றைய இணையதளங்களை அதில் திறந்து பார்க்க நினைக்க வேண்டாம்.

போடுவதற்கு முன்னால் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

மின்ட்டையோ டெபியன் லைவ் பதிப்பையோ பென்டிரைவில் எழுதி, டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை எழுப்பலாம். அப்படி எழுப்பியதும் அவசரப்பட்டு ‘இன்ஸ்டால்’ அழுத்தாதீர்கள். ஒரு மணி நேரம் அப்படியே ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிடித்தாலும் அடுத்த அறைக்குப் போனால் நிற்கிறதா. இயர்போன் செருகினால் ஸ்பீக்கர் அடங்குகிறதா. மூடியை மூடித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா, வந்த பிறகு வைஃபையும் வருகிறதா. இந்தக் கடைசி விஷயத்தில்தான் பல சிஸ்டங்கள் மாட்டும். கடையில் யாரும் பார்க்காமல் வீட்டுக்குப் போன பிறகு தெரிய வரும். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான், டச்பேட், கேமரா, ப்ளூடூத் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

வைஃபை பிடிக்காவிட்டால் உள்ளே இருக்கும் கார்டு எந்த நிறுவனத்தது என்று பாருங்கள். இன்டெல் என்றால் பொதுவாகக் கவலையில்லை. பிராட்காம் என்றால் தனியாக டிரைவர் சேர்க்க வேண்டி வரலாம். டெபியன் 12-இலிருந்து மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேரும் (கார்டுக்குள் ஏற்றப்படும் மென்பொருளும்) நிறுவியிலேயே சேர்ந்து வருவதால் முன்பிருந்த சிரமம் பெரிதும் குறைந்துவிட்டது.

பிஎஸ்டி போடப் போகிறவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஓப்பன்பிஎஸ்டியில் ப்ளூடூத் கிடையவே கிடையாது, 2014-இல் எடுத்துவிட்டார்கள். என்விடியா கிராஃபிக்ஸுக்கும் அதில் வழியில்லை. ஃப்ரீபிஎஸ்டியில் என்விடியாவே டிரைவர் தருகிறது. புதிய வைஃபை கார்டுகளுக்கு ஃப்ரீபிஎஸ்டியில் ஆதரவு லினக்ஸை விடப் பிந்தித்தான் வரும். கையோடு வைத்துப் பழகுவதற்குப் பழைய திங்க்பேட் ஒன்று கிடைத்தால் ஓப்பன்பிஎஸ்டி அதில் மிக நன்றாக உட்காரும்; அதை எழுதுபவர்களில் பலரே அந்த லேப்டாப்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கடையில் பிரிண்டர் இருக்கிறது. அது ஓடுமா?

ஜெராக்ஸ் கடைக்காரர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எந்தக் கடைக்குப் போனாலும் கேனன் எல்பிபி 2900 ஒன்று உட்கார்ந்திருக்கும். உழைக்கும் பிரிண்டர், ஆனால் அதன் மொழி கேனனுக்கு மட்டுமே உரியது. லினக்ஸுக்குக் கேனன் கொடுத்த டிரைவர் பழையது. மல்லுக்கட்டி ஓட வைக்கலாம். அடுத்த பெரிய அப்டேட்டில் திரும்பவும் படுத்துக்கொள்ளலாம். பிஎஸ்டியில் அந்த டிரைவர் கிடையாது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் அச்சடிக்கும் கடையில் அந்தப் பிரிண்டர் இருக்கும் வரை, அது தொங்கும் கணினியை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள்.

எச்பி லேசர்ஜெட் 1020 லினக்ஸில் ஓடும். எச்பியின் சொந்த மென்பொருளோடு கூடுதல் செருகி ஒன்றையும் இறக்க வேண்டும். எப்சன் இங்க் டேங்க் வகைகளுக்கு டெபியனிலேயே டிரைவர் இருக்கிறது. புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் ஏர்பிரிண்ட் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லினக்ஸிலும் சரி, பிஎஸ்டியிலும் சரி, தனி டிரைவர் இல்லாமலே அச்சாகும் வாய்ப்பு மிக அதிகம்.

தமிழ் தட்டச்சு?

எல்லாவற்றிலும் முடியும். லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் தொகுப்பையும் சேர்த்துக்கொண்டால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு மூன்றும் வந்துவிடும். தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்தில் புள்ளி தானாக விழும் வசதியும் அப்படியே கிடைக்கும். எழுத்துருவுக்கு லோகித் தமிழ் அல்லது நோட்டோ போடுங்கள். கறுப்புத் திரையில் வெறும் கட்டளை மட்டும் ஓடும் இடத்தில் மட்டும் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. எந்த ஓஎஸ்ஸிலும் இதே நிலைதான்.

கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிப்பவர்கள் பாமினியில் செய்து வைத்த பழைய கோப்புகள் இருக்கும். பாமினி எழுத்துருக் கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறக்கும். ஆனால் பேஜ்மேக்கர், கோரல்டிரா கோப்புகள் அந்தந்த மென்பொருளிலேயே செப்பனிட வேண்டியவை. டிடிபி தொழிலே அதை நம்பித்தான் என்றால் மாறச் சொல்ல மாட்டேன்.

இங்கே கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. எது தாங்கும்?

இது யாரும் கேட்காத, ஆனால் நம் ஊரில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. காற்றடிக்கிற மாதத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். டெஸ்க்டாப்பாக இருந்தால் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே அணையும்.

லினக்ஸில் வழக்கமாக வரும் எக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) ஜர்னல் வைத்திருக்கிறது. செய்யப் போகும் மாற்றத்தை முதலில் குறித்துக்கொண்டு பிறகு செய்வதால், கரண்ட் வந்ததும் சில நொடியில் தன்னைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்துவிடும். ஃப்ரீபிஎஸ்டியின் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை பழைய தரவின் மேல் எழுதுவதே இல்லை. புது இடத்தில் எழுதி முடித்த பிறகுதான் பழையதை விடுகிறது. அதனால் அணைந்தால் கடைசி சில நொடி வேலை போகுமே தவிர, கோப்பு முறைமை குலையாது.

ஓப்பன்பிஎஸ்டியில் ஜர்னல் இல்லை. திடீரென்று அணைந்தால் அடுத்த முறை எழும்போது டிஸ்க் முழுவதையும் சோதிக்கும். பெரிய ஹார்ட் டிஸ்க் என்றால் நேரம் பிடிக்கும். சில சமயம் நின்றுகொண்டு, நீயே வந்து சரிபார் என்று கேட்கும். கடைப் பையனுக்கு அது தெரியாது. ஆகவே ஓப்பன்பிஎஸ்டி பெட்டிக்குச் சின்ன எஸ்எஸ்டி, கூடவே ஒரு சின்ன யுபிஎஸ். இது இரண்டும் இல்லையென்றால் போடாதீர்கள்.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறோம். விருந்தினர்களுக்கு வைஃபை கொடுக்கிறோம். பில் போடும் கணினியும் அதே இணைப்பில்தான் இருக்கிறது. ஆபத்தா?

ஆபத்துதான். கோயிலுக்கு வந்து ஒரு ராத்திரி தங்கிப் போகிறவர்களின் போனில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் போனும் உங்கள் பில் கணினியும் ஒரே வலையில் இருந்தால் ஒன்றை ஒன்று பார்க்க முடியும்.

இங்கேதான் ஓப்பன்பிஎஸ்டிக்கு நிகரில்லை என்பேன். பழைய சின்ன டெஸ்க்டாப் ஒன்றில் மூன்று நெட்வொர்க் கார்டு போடுங்கள். ஒன்றில் வெளியிலிருந்து வரும் ஃபைபர், ஒன்றில் அலுவலகம், ஒன்றில் விருந்தினர் வைஃபை. இவற்றுக்கு இடையில் யார் யாரிடம் போகலாம் என்பதை பிஎஃப் என்ற வடிகட்டி தீர்மானிக்கும். ஓப்பன்பிஎஸ்டிக்காகவே 2001-இல் எழுதப்பட்டது அது. விதிகளெல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். முதல் வரியில் எல்லாவற்றையும் அடை என்று எழுதுவோம். அடுத்த வரியில் அலுவலகத்திலிருந்து வெளியே போகலாம். அதற்கடுத்து விருந்தினர் வலையிலிருந்து வெளியே போகலாம், ஆனால் அலுவலகத்துக்குள் போகக் கூடாது. கடைசியாகப் பொருந்துகிற விதிதான் செல்லும் என்ற ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், பத்துப் பன்னிரண்டு வரியில் முழு லாட்ஜுக்கும் காவல் போட்டுவிடலாம். மேலிருந்து கீழே வாசித்தால் அர்த்தம் புரியும். லினக்ஸில் இதே வேலையை நன்றாகவே செய்யலாம், ஆனால் அந்த விதிகளை இவ்வளவு எளிதாக வாசித்துக் காட்ட முடியாது.

ஒரு கடமை உண்டு. ஓப்பன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒரு முறை புது வெளியீடு தரும். கடைசி இரண்டு வெளியீடுகளுக்குத்தான் பாதுகாப்புத் திருத்தம். ஒரே கட்டளையில் மேம்படுத்திவிடலாம், ஆனால் வருஷத்துக்கு ஒரு முறையாவது யாராவது அதைச் செய்ய வேண்டும். கட்டளையே வேண்டாம், பிரவுசரில் பொத்தான் அழுத்திச் செய்ய வேண்டும் என்பவர்களுக்கு ஓபிஎன்சென்ஸ் இருக்கிறது. அது ஃப்ரீபிஎஸ்டியின் மேல் கட்டியது, பிஎஃப்பைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது.

கீழக்கரையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண போட்டோக்களை எங்கே பத்திரமாக வைப்பது?

கல்யாண ஆல்பம் போனால் பணத்தால் ஈடுகட்ட முடியாது. இதற்கு ஃப்ரீபிஎஸ்டியும் இசட்எஃப்எஸ்ஸும். ஒரே அளவில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் விழும்படி ஜோடி சேர்க்கலாம். இசட்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. கடல் காற்றில் டிஸ்க் மெல்ல மெல்லக் கெடும்போது, கோப்பு இருப்பது போலவே இருக்கும். திறந்தால் படத்தில் பாதி சாம்பல் நிறமாக இருக்கும். சாதாரண முறைமை இதைக் கவனிக்காது. இசட்எஃப்எஸ் வாசிக்கும்போதே எண் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்து, ஜோடி டிஸ்க்கிலிருந்து நல்ல பிரதியை எடுத்துக் கெட்டதைத் திருத்திவிடும். மாதம் ஒரு முறை முழு டிஸ்க்கையும் சரிபார்க்கச் சொல்லி வைத்தால், டிஸ்க் சாகும் முன்பே எச்சரிக்கை கிடைக்கும்.

ஸ்னாப்ஷாட் என்றொரு வசதியும் உண்டு. ஒரு நொடியில் அன்றைய நிலையைப் பிடித்து வைக்கும். எடிட்டிங் செய்யும் தம்பி கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தாலும், ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் கணினிகள் எப்போதும்போல நெட்வொர்க் வழியாக இந்தச் சர்வரில் கோப்புகளைப் போடும். போட்டோஷாப்பை விட வேண்டிய அவசியம் இல்லை.

லினக்ஸிலும் இசட்எஃப்எஸ் உண்டு, இப்போது இரண்டுக்கும் ஒரே மூலநிரல்தான். உரிமச் சிக்கலால் லினக்ஸ் கெர்னலுக்குள் அது சேர முடியாது. டெபியனில் கெர்னல் மாறும்போதெல்லாம் அந்தப் பகுதியைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் நிறுவும்போதே ‘இசட்எஃப்எஸ்’ என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. மேம்படுத்துவதற்கு முன் முழு சிஸ்டத்தையும் ஒரு பிரதி எடுத்து வைத்து, சரிவரவில்லை என்றால் பழையதிலேயே எழுப்பிக்கொள்ளலாம்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில் இருப்பதால் அது மட்டுமே போதாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன கதை நமக்குத் தெரியும். மூன்றாவது பிரதி ஒன்றைப் பரமக்குடியிலோ மதுரையிலோ உறவினர் வீட்டில் வையுங்கள்.

மீன் வியாபாரக் கணக்கு டேலியில் இருக்கிறது. இ-சேவை மையமும் நடத்துகிறோம்.

விண்டோஸிலேயே இருங்கள். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஆதார் கைரேகைக் கருவிகளின் மென்பொருளும் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பியே வருகிறது. வரிசையில் ஆள் நிற்கும்போது கருவி தெரியவில்லை என்றால் பிழைப்பு கெடும். ஏலக் கணக்கு, படகுக்காரர் முன்பணம், ஐஸ், டீசல் செலவு என்று நோட்டில் எழுதிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் தாராளமாகத் தொடங்கலாம்.

மொபைல் டேட்டாவில்தான் ஓட்டுகிறேன். அப்டேட் தின்றுவிடாதா?

ஆர்ச் லினக்ஸ் போல நாள்தோறும் புதியது தருபவை தின்னும். ஃபெடோராவும் அதிகம், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு. டெபியன் நிலையான பதிப்பில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களே வரும், அதனால் சிக்கனம். மின்ட் கோப்பு 3 ஜிபி பக்கம் வரும். டவுனில் ஃபைபர் இருக்கிற நண்பர் வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள்.

படகில் வரைபடம் பார்க்க இதையெல்லாம் வைக்கலாமா?

ஓப்பன்சிபிஎன் என்ற இலவசக் கடல் வரைபட மென்பொருள் டெபியனில் இருக்கிறது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட ஓஎஸ் போட்ட ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியிலும் ஓடும். யுஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்றைச் செருகினால் படகு நிற்கும் இடத்தைக் காட்டும். கரையில் உட்கார்ந்து வழியைக் குறித்துப் பழக நல்லது. ஆனால் பாக் நீரிணையில் சர்வதேச எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் இதை நம்பி வலை இறக்காதீர்கள். அதற்குப் படகிலிருக்கும் முறையான ஜிபிஎஸ் கருவிதான். உப்புத் தண்ணீர் பட்டால் ராஸ்பெர்ரி பை அன்றைக்கே போய்விடும்.

மகள் பொறியியல் முடித்திருக்கிறாள். வேலைக்கு எதைக் கற்க வேண்டும்?

லினக்ஸ். வேலை அதில்தான் நிறைய. டெபியனும், ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் வழியில் வரும் ஒன்றும் தெரிந்தால் போதும். அதன்பின் நேரம் கிடைக்கும்போது ஓப்பன்பிஎஸ்டியை ஒரு பழைய லேப்டாப்பில் போட்டு, அதன் கையேட்டுப் பக்கங்களை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு இயங்குதளம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை அவ்வளவு தெளிவாக எழுதியவர்கள் குறைவு. இதை நான் உறுதியாகவே சொல்வேன்: லினக்ஸில் வேலை கற்றவர்கள் பிஎஸ்டியில் சில மாதம் இருந்துவிட்டு வந்தால், லினக்ஸே இன்னும் நன்றாகப் புரியும்.

மாட்டிக்கொண்டால் தமிழில் யாரிடம் கேட்பது?

லினக்ஸுக்குக் கணியம் இருக்கிறது. 2012-இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி, இலவச மின்னூல்களும் தருகிறார்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு பல வருஷமாக நடக்கிறது. பிஎஸ்டிக்குத் தமிழில் மிகக் குறைவுதான். ஆங்கிலக் கையேடு வாசிக்கத் தயாராக இருக்க வேண்டும். ஊரில் பக்கத்துத் தெருவில் ஒருவர் உபுண்டு வைத்திருந்தால், மற்ற எல்லாக் காரணங்களையும் ஒதுக்கிவிட்டு நீங்களும் உபுண்டுவே போடுங்கள். ஏப்ரலில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போடுங்கள். ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை.

பிடிக்கவில்லை என்றால் விண்டோஸைத் திரும்பப் போட முடியுமா?

முடியும். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிறகு விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் உரிம எண் பெரும்பாலும் போர்டிலேயே பதிந்திருக்கும். திரும்ப நிறுவும்போது தானாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 7 காலத்துச் சிஸ்டம் என்றால் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரை இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள், வியர்வையிலும் உப்பிலும் எழுத்து அழிந்துபோகும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்பு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். போட்டோ, வீடியோ, பத்திரம் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகு என்னிடம் கொண்டு வாருங்கள்.